மாலை கழட்டிய அன்றைக்குப் போட்ட மாத்திரை

கொல்லைமேடு,
பனமலை தபால்,
6.4.2025

அருணாவுக்கு வீரம்மாள் எழுதிக்கொள்வது.

நலமா என்று கேட்கிற நிலைமையில் நாம் ரெண்டு பேரும் இல்லை. அதனால் நேரா விஷயத்துக்கு வர்றேன்.

போன் பண்ணலாமே, எதுக்குக் கடுதாசின்னு நீ நினைப்பே. எம்மவன் திருமுருகன் அவன் போன்ல மட்டுமில்லை, என் போன்லயும் உன் நம்பரை அடைச்சு வச்சிட்டான். அதுவும் ஒரு வகையில நல்லதுதான். போன்ல பேசினா நீ அழுவே, நான் கத்துவேன், பேசினது காத்தோட போயிடும். எழுதினா நிக்கும். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். ஆனா அந்த அஞ்சு வருசத்துல என் கையெழுத்தைத்தான் டீச்சர் மத்த புள்ளைங்களுக்குக் காட்டுவாங்க. அதனால படிக்க முடியலைன்னு சாக்கு சொல்லாதே.

திண்டிவனத்துல உங்கம்மா வீட்டுக்குப் போய் உக்காந்துக்கினு, "எங்க மாமியார் பொய் சாட்சி சொல்லி என்னைத் தொரத்திட்டாங்க"ன்னு நீ சொல்றதா என் காதுக்கு வந்துச்சு. நான் சொன்னதுல எதும்மா பொய்? ஒண்ணொண்ணா எழுதறேன், நீயே பாத்துச் சொல்லு.

கார்த்திகை பொறந்த அன்னிக்கு எம்மவன் சபரிமலைக்கு மாலை போட்டான். அதுக்கு முன்னாடி ஆவணியில இருந்தே நீ அந்தக் குழந்தை தள்ளிப்போடற மாத்திரையைப் போட்டுக்கினு இருந்தே. அவனும் சம்மதிச்சுத்தான் போட்டே, அதை நான் குத்தம் சொல்லலை. ஆனா அது போட ஆரம்பிச்ச நாளா உனக்கு வாந்தியும் மயக்கமும், நாளு கெழமை இல்லாம அப்பப்போ துளித் துளியாத் தீட்டுமா இருந்துச்சு. சாமி வீட்டுல இருக்கறப்போ அது ஆவுமா? "நிறுத்து. அவன்தான் தனியாப் படுக்கறானே, இப்ப எதுக்கு மாத்திரை"ன்னு நான்தான் சொன்னேன். நீயும் சரின்னு கொடுத்தே. என் கையால அந்த அட்டையை வாங்கி பரண் மேல கேப்பை டின்னுக்குள்ள வச்சேன்.

தை மூணாந்தேதி அவன் மலையில இருந்து வந்து மாலையைக் கழட்டினான். அன்னிக்குச் சாயங்காலமே நீ ஏணி போட்டு ஏறி அட்டையை எடுத்தே. என் கண்ணெதிர ஒண்ணைப் பிச்சுப் போட்டுத் தண்ணி குடிச்சே. அப்புறம் ஒரு நாளும் தவறலை.

பங்குனியில உன் வயித்துல புள்ளைன்னு ஸ்கேன்ல சொன்னப்போ, நாலு பேர் எதிர்ல எங்கண்ணன் சுப்பராயலு என்னைத்தான் கேட்டாரு. "வீரம்மா, அவ மாத்திரை போட்டது நெசமா?" நெசம்னேன். "மாலை கழட்டின அன்னிக்கே போட்டாளா?" அன்னிக்கேன்னேன். "அப்ப எப்படிம்மா தங்கும்? அவன் வந்தப்புறம் தங்க வழியில்லைன்னா, அவன் மாலையில இருந்தப்பவே தங்கியிருக்கணும் இல்ல?" அதுக்கு எனக்குப் பதில் தெரியலை. நீயும் தலையைக் குனிஞ்சுக்கினு நின்னே. ஸ்கேன்ல போட்ட வாரக் கணக்கும் மாலை காலத்துலதான் போய் நிக்குதுன்னு திருமுருகன் சொன்னான்.

இதுல என் பொய் எங்கே இருக்குது?

பிரியா நல்லா இருக்கா. அவளைக் கேட்டு இனிமே ஆள் அனுப்பாதே. எனக்குப் பேரப்புள்ளைன்னா அவ ஒருத்திதான். உன் வயித்துல இருக்கறதை நான் கணக்குல சேக்க மாட்டேன்.

இப்படிக்கு,
வீரம்மாள்

*

திண்டிவனம்,
12.4.2025

அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

நீங்கள் பொய் சொன்னதாக நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் சொன்னது எல்லாமே உண்மை. அந்த உண்மையால்தான் நான் இங்கே கிடக்கிறேன். நீங்கள் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது, பொய் என்று கத்தியாவது இருப்பேன். அன்றைக்கு நான் தலையைக் குனிந்து நின்றது வெட்கத்தில் இல்லை அத்தை. உங்கள் அண்ணன் கேட்ட கேள்விக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. ஒரு நாளும் விடாமல் போட்டேனே, எப்படித் தங்கியது என்று நானே எனக்குள் கேட்டுக்கொண்டு நின்றேன். ப்ளஸ் டூ படித்து என்ன புண்ணியம்? அட்டைக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

இங்கே வந்த பிறகு ஒரு லேடி டாக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாலை, விரதம், பரண், கேப்பை டின் எல்லாம். அவங்க எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாங்க. அப்புறம் சொன்னாங்க, "இந்த மாத்திரை போட்ட அன்னைக்கே வேலை செய்யாதும்மா."

மாதவிலக்கு வந்த முதல் ஒன்றிரண்டு நாளில் ஆரம்பித்தால் அது அப்போதே காக்குமாம். ஆவணியில் நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தபடி. இடையில் எந்த நாளில் ஆரம்பித்தாலும், விடாமல் ஒரு வாரம் உள்ளே போன பிறகுதான் அதை நம்பலாமாம். அதுவரைக்கும் வேறு பாதுகாப்பு வேண்டும், இல்லையென்றால் தள்ளி இருக்க வேண்டும். இரண்டு மாசம் நிறுத்திவிட்டு மறுபடி போட்டால், அது பழைய மாத்திரையின் தொடர்ச்சி இல்லை, புதுசாக ஆரம்பிக்கிற மாதிரிதான். தை மூணாம் தேதி எனக்குத் தூரம் ஆகி பத்து நாளுக்கு மேலே ஆகியிருந்தது. அந்த ஒரு வாரத்தில்தான் அத்தை இந்தக் குழந்தை வந்தது. உங்கள் பிள்ளையின் குழந்தை.

ஸ்கேன் கணக்கையும் கேட்டேன். அவங்க வாரம் எண்ணுவது கடைசியாகத் தூரம் ஆன நாளில் இருந்துதான், கரு தங்கின நாளில் இருந்து இல்லை. எல்லோருக்கும் அப்படித்தானாம். பிரியாவுக்கும் அப்படித்தான் எண்ணினார்கள். அப்போது யாரும் பின்னாலே எண்ணிப் பார்க்கவில்லை.

இதை அவரிடம் சொல்லத்தான் ஆள் அனுப்பினேன். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார். நாலு பேர் எதிரில் நீங்கள் சொன்னதை வைத்துத்தானே முடிவு பண்ணினார்கள். அதே வாயால் இதையும் சொல்லுங்கள்.

பிரியாவை என்னிடம் அனுப்புங்கள். அவள் தூங்கும்போது யார் காதைப் பிடித்துக்கொள்கிறாள்?

அருணா

*

கொல்லைமேடு,
20.4.2025

அருணாவுக்கு,

உன் கடுதாசியை ரெண்டு வாட்டி படிச்சேன். அப்புறம் கோவம் வந்து மடிச்சு வச்சிட்டேன். அப்புறம் இன்னொரு வாட்டி படிச்சேன்.

நல்லாத்தான் கதை கட்டறே. ஜுரத்துக்கு மாத்திரை போட்டா அரை மணியில வேர்க்குது. தலைவலிக்குப் போட்டா காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள விடுது. இது மட்டும் ஒரு வாரம் கழிச்சு வேலை செய்யுமா? பஸ்ஸைப் புடிச்சு வரணுமா அதுக்கு? அப்படி வேலை செய்யாத மாத்திரையை எதுக்குக் கொடுக்கறாங்க?

நீ எழுதினதை நம்பறேன்னு நினைச்சுக்காதே. ஆனா கேக்கணும்னு தோணுது, கேக்கறேன். ஆவணியில நீ ஆரம்பிச்சப்போ அந்தத் தீட்டு ஏன் அப்படி அப்பப்போ பட்டுச்சு? உடம்புக்கு ஒத்துக்காததாலதானே? ஒத்துக்காத மாத்திரையை நிறுத்தச் சொன்னது தப்பா? அந்த வாந்தி எதுக்கு? அப்பவே நான், இது நல்ல மாத்திரையா இருந்தா இப்படியா பண்ணும்னு நினைச்சேன். இதுக்கெல்லாம் உன் டாக்டரம்மா என்னா சொல்றாங்க?

பிரியாவைப் பத்திக் கேட்டிருக்கே. என் காதைத்தான் புடிச்சுக்கினு தூங்கறா. மொத நாள் புடிச்சுட்டு, "ஆயா, உன் காது கடிக்குது"ன்னு அழுதா. கம்மல் குத்தியிருக்குது. கழட்டி வச்சிட்டேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் கம்மல் கழட்டினதில்லைன்னு உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் பாத்துட்டு, "என்னாடி வீரம்மா, காது மூளியா நிக்கறே, அடகுக்கடைக்குப் போயிடுச்சா"ன்னு கேக்கறா. "ஆமாம், என் பேத்திதான் அடகுக்கடை"ன்னு சொன்னேன்.

நேத்து வாசல்ல ஒக்காந்துக்கினு அவளா ஒரு கேள்வி கேட்டா. "ஆயா, அம்மா மாலை போட்டிருக்காங்களா?" ஏண்டின்னேன். "அப்பா மாலை போட்டப்போ தள்ளித் தள்ளிப் போனாரே, அம்மாவும் தள்ளிப் போயிட்டாங்களே"ன்றா. 

கேட்டதுக்குப் பதில் எழுது. ஜல்தி எழுது. எனக்காக இல்லை, நியாயம் தெரியணும் இல்ல.

வீரம்மாள்

*

திண்டிவனம்,
27.4.2025

அத்தைக்கு,

டாக்டரிடம் மறுபடியும் போய்க் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

தீட்டு அப்பப்போ பட்டது உடம்புக்கு ஒத்துக்காததால் இல்லையாம். புதுசாக ஆரம்பிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு முதல் இரண்டு மூன்று மாசம் அப்படித்தான் இருக்குமாம். உடம்பு அந்த மருந்துக்குப் பழகுகிற காலம் அது. வாந்தியும் அப்படித்தான், சாப்பிட்ட பிறகு படுக்கப் போகும்போது போட்டால் குறையுமாம். நான் வெறும் வயிற்றில் போட்டேன். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் எல்லாம் தானாக நின்றிருக்கும். நிற்கப் போகிற நேரத்தில்தான் நாம் நிறுத்தினோம்.

புருஷன் பக்கத்தில் இல்லாத நாளிலும் விடாமல் போட வேண்டுமாம். இது அவர் வந்தால் போடுகிற மாத்திரை இல்லை. ஜுர மாத்திரை வலியைப் பார்த்து வேலை செய்கிறது. இது கருமுட்டை வெளியே வராமல் தடுக்கிறது. ஏற்கெனவே வெளியே வரப் புறப்பட்டதை இது திரும்பக் கூப்பிடாது.

இதற்கு மேலே எனக்கு விளக்கத் தெரியவில்லை அத்தை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாருங்கள், யார் குழந்தை என்று தெரிந்துவிடும் என்று அவருக்கு எங்கள் சித்தப்பா மூலமாகச் சொல்லி அனுப்பினேன். "அந்த அசிங்கத்தை ஊரைக் கூட்டி வேற நிரூபிக்கணுமா" என்று கேட்டாராம்.

எனக்கு எந்த நியாயமும் வேண்டாம். பிரியா வேண்டும். நான் மாலை போட்டிருக்கிறேனா என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததில் இருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கம்மா, "உனக்கு இல்லைன்னாலும் உள்ளே இருக்கிறதுக்குத் தின்னு" என்கிறார்கள். அது இரண்டு நாளாக அசைகிற மாதிரி இருக்கிறது. பிரியா வயிற்றில் இருந்தபோதும் இப்படித்தான், மீன் வாலை ஆட்டுகிற மாதிரி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரியாவைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். நான் கூட்டிக்கொண்டு ஓடிவிட மாட்டேன். பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறேன். மேல்மருவத்தூர் பஸ் நிற்கிற பக்கம் பழக்கடை இருக்கிறதே, அங்கே காலையில் இருந்து நிற்பேன். அவளுக்கு முட்டையில் மஞ்சள் கருவை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

அருணா

*

கொல்லைமேடு,
6.5.2025

அருணாவுக்கு அத்தை எழுதறது.

ஞாயித்துக்கிழமை நீ நின்னு நின்னு பாத்திருப்பே. நான் வராம இல்லை. பிரியாவுக்குத் தலை சீவி, புதுக் கவுன் போட்டு வாசல்ல இறங்கிட்டேன். திருமுருகன் எதிர்ல வந்து "எங்கே"ன்னான். எனக்குப் பொய் வராது, சொல்லிட்டேன்.  "நீ இரும்மா, நானே போய்ப் பேசிட்டு வர்றேன்"ன்னு வண்டியை எடுத்துக்கினு போனான். சாயங்காலம் வந்தான். என்னாடா ஆச்சுன்னேன். "பேசியாச்சு. ஒரு முடிவுக்கு வந்தாச்சு. பிரியாவை அவகிட்டயே விட்டுடலாம்"ன்னான். கோவம் இல்லாமத்தான் சொன்னான். மனசு இளகிடுச்சுன்னு நினைச்சு நான் சாமிக்குக் கற்பூரம் ஏத்தினேன். நீங்க ரெண்டு பேரும் என்னா பேசினீங்கன்னு எனக்கு எழுது.

இப்ப நான் சொல்ல வந்ததைச் சொல்றேன்.

ஏரி வத்திக்கினு வருது. நேத்துக் காலையில கடைசித் தண்ணி வுட்டு முடிச்சு மதகை அடைச்சாங்க. நம்ம காணி கடைமடை. மதகு அடைச்சாச்சு, இனிமே நமக்குத் தண்ணி இல்லைன்னு நான் மம்பட்டியைத் தோள்ல போட்டுக்கினு கிளம்பினேன். பாத்தா வாய்க்கால்ல தண்ணி வந்துக்கினே இருக்குது. உச்சி வெயில் வரைக்கும் வந்துச்சு. நம்ம மல்லாட்டைச் செடிக்கு ரெண்டு பாத்தி பாய்ஞ்சுச்சு. மதகை அடைச்சா, அதுக்கு மேல வர்றதுதான் நிக்கும். ஏற்கெனவே வாய்க்கால்ல இறங்கின தண்ணி கடைமடை வரைக்கும் போய்ப் பாய்ஞ்சுட்டுத்தான் நிக்கும். அதை யாரும் வாடான்னு திரும்பக் கூப்பிட முடியாது.

அந்த வரப்புல அப்படியே ஒக்காந்துட்டேன் அருணா. இத்தனை வருசமா தண்ணி பாய்ச்சறேன். இது எனக்குத் தெரியாத விசயமா? நீ எழுதினப்போ புரியலை. ஈர மண்ணுல கால் வச்சுக்கினு ஒக்காந்திருந்தப்போ புரிஞ்சுது. அப்ப அது எங்க புள்ளை. எங்க காணித் தண்ணி.

ராத்திரியே திருமுருகன்கிட்ட சொன்னேன். "நீ சும்மா இரும்மா, அதெல்லாம் முடிஞ்சு போச்சு"ன்னான். என்னாடா முடிஞ்சு போச்சுன்னா போர்வையை இழுத்துப் போத்திக்கினு படுத்துக்கினான். அவன் கெடக்கறான். நான் எங்கண்ணனைப் புடிக்கறேன். அன்னிக்கு நாலு பேர் எதிர்ல சொன்ன வாயாலதான் இதையும் சொல்லணும்னு எழுதினே இல்ல, சொல்றேன். வைகாசி பொறக்கட்டும். நல்ல நாள் பாத்து, அண்ணனையும் கூட்டிக்கினு, பூ பழத்தோட நானே வந்து உன்னைக் கூட்டிக்கினு வர்றேன். அதுவரைக்கும் நல்லாச் சாப்பிடு. ரத்தம் கம்மின்னு பிரியா வயித்துல இருந்தப்பவே சொன்னாங்க, கேப்பைக் கூழ்ல வெல்லம் போட்டுக் குடி.

இது பையனா இருந்தா எங்க மாமனார் பேரை வைக்கணும்னு ஒரு ஆசை. பொண்ணா இருந்தா நீ வைக்கறதுதான்.

உன் அத்தை,
வீரம்மாள்

*

திண்டிவனம்,
10.5.2025

அத்தைக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. புதன்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது பழக்கடைப் பக்கம் நான் மூன்று மணி நேரமாக நின்றுகொண்டிருந்தேன். தூரத்தில் அவர் வண்டியைப் பார்த்ததும், முன்னால் பிரியா உட்கார்ந்திருக்கிறாளா என்றுதான் பார்த்தேன். அவர் கத்தவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். "உன்னை நான் திரும்பச் சேத்துக்க முடியாது. ஆனா பொண்ணு உன்கிட்ட வளரட்டும், நான் தடுக்கலை. ஒண்ணுதான். அதைக் கலைச்சுடு. நாளைக்கு என் பேரைச் சொல்லிக்கிட்டு ஒண்ணு வந்து வாசல்ல நிக்கக் கூடாது" என்றார். நான் டாக்டர் சொன்னது அத்தனையும் சொன்னேன். டீ ஆறிப் போகிற வரைக்கும் சொன்னேன். "எல்லாம் சொல்லிக் கொடுத்த மாதிரி பேசறே" என்றார்.

நாலு மாசத்துக்கு மேலே ஆகிவிட்டது, இன்னும் தள்ளிப் போட்டால் பண்ண மாட்டார்கள், சீக்கிரம் முடிவு பண்ணு என்று எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். எங்கம்மா வேண்டாம் என்றார்கள். பிறகு அவர்களும் அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தார்கள். ஒருத்தியை வைத்துக்கொள்ள ஒருத்தரை விட வேண்டும் என்றால், பேர் வைத்துக் கூப்பிட்டவளைத்தானே அத்தை விட முடியாது.

உங்கள் மீது எனக்குக் கோபமா என்று யோசித்துப் பார்த்தேன். கோபப்படத் தெம்பு இல்லை. நிறுத்தச் சொன்னது நீங்கள்தான். சரி என்று கொடுத்தது நான்தான். தெரியாதது இரண்டு பேருக்கும்தான்.

நீங்கள் அந்த மதகை ஒரு வாரம் முன்னால் பார்த்திருக்கக் கூடாதா?

பிரியாவை அனுப்புங்கள். நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள். அவரோடு அனுப்பாதீர்கள்.

அருணா

*

கொல்லைமேடு,
28.5.2025

அருணாவுக்கு,

பிரியாவை உன் கையில கொடுத்துட்டு வந்த அன்னிக்கே எழுதணும்னு ஒக்காந்தேன். முடியலை. அன்னிக்கு நீ கதவைத் தெறந்து, "வாங்க அத்தை"ன்னு சொன்னே.  நீ கொடுத்த மோரை மட்டும் குடிச்சேன். பிரியா உன் காதைப் புடிச்சுக்கினு மடியிலேயே தூங்கிப் போனா. அவளை எழுப்பிச் சொல்லிக்காம வந்துட்டேன். எழுப்பியிருந்தா நான் வந்து சேர்ந்திருக்க மாட்டேன்.

எங்கண்ணன் வீட்டுக்குப் போனேன். அன்னிக்குக் கேட்ட அதே நாலு பேரையும் கூப்பிடச் சொன்னேன். நின்னுக்கினே சொன்னேன். "அன்னிக்கு நான் கண்ணால பாத்ததைச் சொன்னேன். பாத்தது நெசம், அதை வச்சு நாம முடிவு பண்ணது தப்பு. அந்த மாத்திரை போட்ட அன்னிக்கே காக்காது. அது திருமுருகன் புள்ளை"ன்னேன். அண்ணன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கினாரு. "முடிஞ்சு போனதை இப்ப கௌறி என்னா பண்றது வீரம்மா? விடு." மத்தவங்க வெத்தலையை மென்னுக்கினு மாட்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. அன்னிக்கு நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கினு ஒக்காந்திருந்தாங்க.

திருமுருகன் கொல்லையில நின்னு கேட்டுக்கினு இருந்திருக்கான். வீட்டுக்கு வந்து சோத்துத் தட்டுல கையை வச்சுக்கினே இருந்தான், சாப்பிடலை. ரெண்டு நாளா என் மூஞ்சியைப் பாக்க மாட்டேன்றான். அவனுக்காக நான் உன்கிட்ட ஒண்ணும் கேக்கலை. கேக்கற வாய் எனக்கு இல்லை.

லட்சுமியம்மாள் மருமவ போன மாசம் அந்த மாத்திரை ஆரம்பிச்சிருக்கா. வாந்தி வருதுன்னு நிறுத்தப் பாத்தா. நான் போய்ச் சொன்னேன், "நிறுத்தாதேம்மா, படுக்கப் போறப்போ போடு, ரெண்டு மாசத்துல பழகிடும். உன் புருசன் ஊருக்குப் போனாலும் போடு, மாலை போட்டாலும் போடு. நடுவுல விட்டா மொதல்ல இருந்து ஆரம்பிக்கற மாதிரிதான், நர்ஸைக் கேக்காம அவன்கிட்ட போவாதே"ன்னு. லட்சுமியம்மாள் வாயில முந்தானையை வச்சுக்கினு சிரிக்கறா. "கெழவி என்னாடி இந்தப் பேச்சுப் பேசறே"ன்றா. சிரிக்கட்டும்.

அந்த அட்டை இன்னும் பரண் மேல கேப்பை டின்னுலதான் இருக்குது. நீ போறப்போ எடுக்காம விட்டுட்டே. எறியவும் மனசு வரலை, தொடவும் கை வரலை.

கம்மல் இன்னும் போடலை. பிரியா எப்பவாவது வந்தா படுக்கறதுக்கு ஆவும்.

மொதக் கடுதாசியில உன்கிட்ட ஒண்ணு எழுதினேன், உன் வயித்துல இருக்கறதைக் கணக்குல சேக்க மாட்டேன்னு. நேத்து ரேஷன் கடையில ஒருத்தி, வளவனூர்ல இருந்து இங்க கட்டிக்கொடுத்த பொண்ணைப் பாக்க வந்தவளாம், வரிசையில நின்னுக்கினு பேச்சு கொடுத்தா. "உங்களுக்குப் பேரப்புள்ளைங்க எத்தனைம்மா?"ன்னா.

ரெண்டுன்னு சொன்னேன்.

வீரம்மாள்